மூன்று விரல்கடை

சுவாமிதாஸ் ஆசாரியின் மகள் ஞானப்பூ, வாந்திபேதியில் செத்துப்போன பிறகு, எட்டு வருஷத்தில் ஒரு முழம் வளர்ந்தாள். வருஷத்துக்கு மூன்று விரல்கடை, மூன்று விரலின் அகலம். அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உயிரோடிருந்த அவள் சோட்டுப் பிள்ளைகளில் சிலர், மழை தவறிய வருஷங்களில், இதைவிடக் கம்மியாகத்தான் வளர்ந்தார்கள். பரளச்சிக்குக் கிழக்கே, கண்மாய்க்கரையை ஒட்டிய பதினெட்டுக் கிறிஸ்தவ வீடுகள் கொண்ட வேதக்காரத் தெருவில் இதை அறியாதவர் கிடையாது. அக்கம்பக்கத்தில் உழவு செய்கிற சம்சாரிகளுக்கும் தெரியும். எந்தக் கண்மாய் எந்த வருஷம் உடைந்தது என்று சொல்வதுபோல, ஆசாரி மகள் இன்ன வருஷம் இவ்வளவு உயரம் இருந்தாள் என்று சொல்வார்கள்.

அவள் செத்த 1941-இல் சுவாமிதாஸுக்கு முப்பத்தெட்டு வயசு. பன்னிரண்டு வயசில் மரம் செதுக்கும் வாய்ச்சியைக் கையில் எடுத்தவர், அன்றுமுதல் செய்ததையே செய்துகொண்டிருந்தார். ஏர், நுகத்தடி, மண்வெட்டிக் காம்பு, வண்டிச் சக்கரம், உலக்கை, பிணப்பெட்டி. கருவேலங்கட்டையைச் செதுக்கிச் செதுக்கி உள்ளங்கை இரண்டும் ஆமை ஓடு மாதிரி காய்த்துப்போயிருந்தன. வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருந்தது. அவர் செய்த ஏரை அவருடைய அப்பா செய்த ஏரின் பக்கத்தில் போட்டால் எது யாருடையது என்று மாட்டுக்கும் தெரியாது. நல்ல ஆசாரிக்கு அதுதான் அடையாளம் என்று சம்சாரிகள் நினைத்தார்கள். அறுவடை முடிந்ததும் களத்தில் குறைவில்லாமல் கம்பும் சோளமும் போட்டார்கள். இருபது வயசில் ஒரே ஒரு தடவை, இருளப்பசாமி வீட்டுக்குத் தொட்டில் செய்தபோது, சட்டத்தின் முனையில் கேட்காமலே ஒரு கிளியைச் செதுக்கிவிட்டார். இருளப்பசாமி ஐம்பது குறுக்கம் கரிசல் நிலம் வைத்திருந்த பெரிய சம்சாரி. கெட்ட மனுசர் இல்லை. கிளியைத் தடவிப் பார்த்தார். தொட்டில்தான் கேட்டேன், கிளி கேட்கவில்லையே என்று சொன்னார். சுவாமிதாஸ் அங்கேயே குத்தவைத்து, உளியால் கிளியைத் தட்டி எடுத்து, இழைப்புளி போட்டு அந்த இடத்தை வழுவழுப்பாக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அவர் எதையும் கூடுதலாகச் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அவர் விரல் தொடைமேல் எதையோ கீறிக்கொண்டிருக்கும் என்று அவர் பெண்டாட்டி சூசையம்மாள் சொல்வாள்.

அந்த ஐப்பசியில் கண்மாய்த் தண்ணீர் கெட்டு வாந்திபேதி வந்தது. ஒன்பது நாளில் தெருவில் பதினொரு பெட்டி. பத்துப் பெட்டிகளை மற்றவர்களுக்காகச் செய்தார். பதினொன்றாவது, ஒரே மகளான ஏழு வயசு ஞானப்பூவுக்கு.

பெட்டி செய்கிற ஆசாரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முழக்கோலால் பிணத்தை அளக்கக் கூடாது. முழக்கோல் ஏருக்கும் வீட்டுக்கும் உள்ளது. பிணத்துக்கென்று தனியாக ஒரு குச்சியைச் சீவி, உச்சந்தலைக்கும் குதிகாலுக்கும் வைத்துப் பார்த்து, சரியாக அந்த நீளத்துக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும். அதை வைத்துத்தான் பெட்டிக்கு அளவெடுக்க வேண்டும். மூடி அறைவதற்கு முன்னால் குச்சியை மூன்றாக முறித்துப் பிணத்தின் காலடியில் போட்டுவிட வேண்டும். செத்தவருடைய அளவு பூமிக்கு மேலே நிற்கக் கூடாது. பத்துப் பெட்டியிலும் சுவாமிதாஸ் அப்படித்தான் செய்தார். பதினொன்றில் முடியவில்லை. வற்றிக் காய்ந்த வாகைக் குச்சி அது, இரண்டரை முழம். முறிக்கக் கையில் எடுத்தால் மகளின் முதுகெலும்பை எடுத்தது மாதிரி இருந்தது. தெருவே கூடி நின்றது. பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார் என்பதால் சாவுக்கும் வாழ்வுக்கும் ஜெபம் சொல்கிறவர் உபதேசியார் ஞானராஜ். அவர் ஜெபத்தை முடித்துவிட்டு ஆசாரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவாமிதாஸ் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். இடுப்பில் செருகியிருந்த தன் முழக்கோலை, அப்பா காலத்து ஈட்டிமரக் கோலை உருவி, மூன்றாக முறித்துக் காலடியில் போட்டு மூடியை அறைந்துவிட்டார். முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. எது முறிந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பிள்ளையின் அளவு வெளியே நின்றுவிட்டது. ஆசாரியின் அளவு உள்ளே போய்விட்டது.

புது முழக்கோல் வேண்டுமானால் அருப்புக்கோட்டைக்குப் போய் அங்கிருக்கும் ஆசாரிகளிடம் அளந்து வாங்கி வர வேண்டும். இரண்டு தடவை புறப்பட்டுப் போனார். ஒரு தடவை ஆணியோடும் ஒரு தடவை வச்சிரப் பசையோடும் திரும்பி வந்தார்.

மறு சித்திரையில் ஒரு கோடைமழை விழுந்தது. தெற்குப் புஞ்சைக்காரர் மொக்கையன் ஏர் கேட்டு வந்தார். உழுகிறவன் கையில் பிடிக்கிற மேழிக்கட்டை வழக்கமாக இரண்டு முழம். சுவாமிதாஸிடம் அளக்க இருந்தது மகளின் குச்சி ஒன்றுதான். கட்டைமேல் அதை வைத்துக் கோடு கிழித்தார். அரை முழம் கூடுதல். அறுத்துத் தள்ள ரம்பத்தை வைத்துப் பார்த்தால், குச்சியின் கணக்கில் அந்த இடம் பிள்ளையின் கழுத்து. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். கூடுதல் கட்டையை அப்படியே விட்டால் உழுகிறவன் நெஞ்சில் இடிக்கும். அதனால் உளியால் அதை மெலிதாக்கி, வெளிப்பக்கம் வளைத்து, விரியாத பனங்குருத்துபோல மடிப்பு மடிப்பாகச் செதுக்கினார். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு யாரும் கேட்காமல் அவர் கை செய்த முதல் வேலை அது. மொக்கையன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாடு பார்த்துச் சிரிக்காமல் இருந்தால் சரி என்று சொல்லித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நாலாம் நாள் திரும்பி வந்தார்.

“ஏப்பா ஆசாரி, ஏரு நல்லா ஓடுது. மண்ணு வெண்ணெயாட்டம் பெரளுது. அதுல ஒரு குத்தமும் இல்ல.”

“பெறகென்னண்ணே?”

“பின்னாடி யாரு நடக்காக?”

சுவாமிதாஸ் இழைப்பதை நிறுத்தினார். மொக்கையன் சொன்னது இதுதான்: முன்னால் மாடு, நடுவில் ஏர், ஏருக்குப் பின்னால் அவர். திரும்பி வரும்போது பார்த்தால் அவர் கால்தடத்துக்குப் பக்கத்தில், உழுத ஈர மண்ணில், இன்னொரு தடம். சின்னக் கால். அவர் நின்றால் அதுவும் நிற்கிறது. வரப்பில் உட்கார்ந்து அவர் கூழ் குடித்தால் கொஞ்ச தூரத்தில் மண் அமுங்கி, ஒரு பிள்ளை குத்தவைத்த மாதிரி இருக்கிறது. மொக்கையன் வீட்டில் சின்னப்பிள்ளை கிடையாது.

“எடது காலுல சுண்டுவெரலு பக்கத்து வெரலு மேல ஏறியிருக்கா?” என்று கேட்டார் சுவாமிதாஸ்.

“ஏறித்தான் இருக்கு” என்றார் மொக்கையன். ஞானப்பூவை அவருக்கும் தெரியும். கம்பரிசி வாங்க அவர் வீட்டுக்கு வந்த பிள்ளைதான். அதற்குமேல் கேட்கவில்லை. அந்தச் சின்னக் கால் விதையை மிதிப்பதில்லை, மாட்டை மிரட்டுவதில்லை. மறுநாள் முதல் அவர் உழவுச் சால் முனையில் திரும்பும்போது ஒரு நிமிஷம் நின்று, பின்னால் வருகிற ஆள் வந்து சேரட்டும் என்று காத்திருந்து, பிறகு மாட்டை ஓட்டினார்.

வருஷம் திரும்பி ஐப்பசி வந்தது. குச்சியை சுவாமிதாஸ் பட்டறையில் கூரைச் சரிவுக்குக் கீழே, இரண்டு கழிகளுக்கு இடையில் செருகி வைப்பார். பிள்ளை செத்த தேதியன்று எடுத்து வேலை செய்துவிட்டுத் திரும்பச் செருகினால் நுழையவில்லை. முழங்கையை வைத்து அளந்தார். இரண்டரை முழமும் மூன்று விரல்கடையும். காய்ந்த குச்சியில் ஒரு வெடிப்பு இல்லை, துளிர் இல்லை. மழையில் நனைந்து ஊறவும் இல்லை. வளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அவர் பக்கத்தில் இன்னொரு கழியை நட்டு அதில் செருகி வைத்துவிட்டு ஒரு நுகத்தடியை எடுத்து இழைக்க ஆரம்பித்தார்.

அதிலிருந்து அவர் செய்த எந்தச் சாமானும் முந்தின வருஷத்துச் சாமானைப்போல இல்லை. அளவே வருஷத்துக்கு மூன்று விரல்கடை தள்ளிப் போனால் இரண்டு ஏரை ஒன்றுபோல எப்படிச் செய்வது. ஒவ்வொரு கட்டையிலும் தேவைக்கு மேலே ஒரு துண்டு நின்றது. அதை அறுக்க அவருக்குக் கை வராது. என்னவாவது ஆக்கித்தான் தீர வேண்டும். முதல் வருஷம் பனங்குருத்து. மறுவருஷம் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற தவிட்டுக்குருவி. அதற்கும் மறுவருஷம், மூடித் திறக்கப்போகிற ஒரு கை. உளி பிடிக்கிற விதமே மாறிப்போனது. முன்பெல்லாம் மரத்தோடு மல்லுக்கட்டுவார். இப்போது கட்டையை மடியில் கிடத்தி, அதில் எது மிச்சம் என்று விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை தடவிக்கொண்டே இருந்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஏர்க்கொழுவுக்கு இரும்பு கிடைக்கவில்லை, மண்ணெண்ணெய்க்கு அளவு வைத்தார்கள், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் காலில் துணி சுற்றித் திருச்சுழிப் பாதையில் போனார்கள். அதற்கு நடுவிலும் பந்தல்குடியிலிருந்து ஆட்கள் சுவாமிதாஸைத் தேடி வந்தார்கள். அவர் செய்த முக்காலியில் ஒரு ஓரம் எப்போதும் இளஞ்சூடாக இருந்தது. யாரும் அந்த ஓரத்தில் உட்காரவில்லை. அவர் செய்த கதவை வெளியே நின்று தட்டுவதற்கு முன்னால் உள்ளே ஒரு தட்டல் கேட்டது. வாங்கியவர்கள் இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, பழகிக்கொண்டார்கள். இருளப்பசாமிகூட 1944-இல் பேரனுக்குத் தொட்டில் சொல்ல வந்தார். வந்தவர் வாசலில் நின்று கால் மாற்றிக்கொண்டு, இந்தத் தடவை கிளி இருந்தால் பரவாயில்லை என்றார். சுவாமிதாஸ் மூன்று கிளி வைத்தார். மூன்றும் மூன்று பக்கம் பார்த்தன. அந்தப் பேரன் அம்மா என்று சொல்வதற்கு முன்னால், தொட்டிலின் காலடிப் பக்கம் பார்த்து, ‘பூ’ என்று சொன்னது.

சூசையம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் சுவாமிதாஸ் குச்சியைப் பட்டறையைவிட்டு வெளியே எடுப்பதில்லை. அந்த வருஷம் ஞானப்பூவோடு ஜெப மந்திரம் படித்த பிள்ளைகள் முதல் நற்கருணையான புது நன்மை வாங்கினார்கள். வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளை முக்காடு, கையில் மெழுகுவத்தி. சூசையம்மாள் கோவிலுக்குப் போகாமல் அடுப்புக்குச் செத்தை பொறுக்கப் பட்டறைக்குள் வந்தாள். கூரைக்குக் கீழே ஒரு குச்சி பளீரென்று வெள்ளையாக இருந்தது. முந்தின நாள்வரை வாகையின் பழுப்பு நிறம்தான். விறகு என்று உருவினாள். உருவியதும் விளக்கெண்ணெய் வாடை அடித்தது. தானே தேய்த்து வாரிய தலையின் வாடை. அதைத் தன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். நெஞ்சுக்கு வந்தது.

“இது எம் பிள்ள அளவில்ல” என்றாள். “எம் பிள்ள என் இடுப்புக்குத்தான் இருந்தா.”

“வளந்துருச்சு” என்றார் சுவாமிதாஸ்.

அவள் அழவில்லை. தெருவில் கேட்டாள்; மொக்கையன் புஞ்சைத் தடத்தைப் பற்றி இவள் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மறுநாள் உச்சிவெயிலில் ஒரு கலயத்தில் கூழும் ஒரு செம்பில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு புஞ்சைக்குப் போனாள். மொக்கையன் மாட்டை நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவள் சாலோடு சாலாக நடந்து ஒவ்வொரு தடமாகப் பார்த்தாள். ஓரிடத்தில் இடது காலின் குதி ஊன்றவில்லை. விரல் மட்டும் அமுங்கியிருந்தது. அங்கிருந்து கடைசி வரை அப்படித்தான். உடைமுள் குத்தியிருக்கிறது. எடுத்துவிட ஆள் இல்லாமல் பிள்ளை நொண்டிக்கொண்டே நடந்திருக்கிறது. சூசையம்மாள் அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்து, பொழுது சாயும்வரை கையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்கு வந்தாள்.

“வெயில்ல நடக்குது. பாலை மறந்ததுலருந்து வெறுங்கால மண்ணுல வைக்கவிடாம வளத்தேன். நீங்க அத ஊருக்கெல்லாம் உழவுக்கு அனுப்பியிருக்கீக. அந்தக் குச்சிய முறிங்க. அது போகட்டும்.”

“முறிச்சா நான் என்னத்த வச்சு வேல செய்ய?”

“இருபத்தஞ்சு வருசமா என்னத்த வச்சுச் செஞ்சீக?”

“அது வேலையா” என்றார் சுவாமிதாஸ்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. ஆனால் அவளிடம் சொன்னதில் பொய் இல்லை. குச்சி போனால் மகள் இரண்டாவது தடவை போவாள், அது ஒரு பயம். இன்னொன்றை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். குச்சி போனால், அப்பா செய்த ஏரைச் செய்துகொண்டு, கிளியைத் தட்டி எடுத்துக்கொண்டு இருந்த பழைய கை திரும்பி வந்துவிடும். எது பெரிய பயம் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. இதற்காகவே அவருக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது. வெறுப்போடு வேலை செய்தார். வேலை இன்னும் நன்றாக வந்தது.

நாலு வருஷம் அப்படிப் போனது. மழை தவறியது, வந்தது. வெள்ளைக்காரன் போனான், பரளச்சியில் மிட்டாய் கொடுத்தார்கள். சூசையம்மாள் உழவு நடக்கிற நாளெல்லாம் வரப்பில் கூழும் தண்ணீரும் வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் கலயம் காலியாக இருக்கும். காக்காய் என்று சொல்வாரும் உண்டு.

1948-இல் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் தெருவார் எல்லோரும் தங்கள் தங்கள் குழிமேட்டைச் செத்தை பிடுங்கி, மண் அணைத்து மெழுகுவதற்குப் போனார்கள். ஞானப்பூவின் குழிக்குக் கால்மாட்டில் உபதேசியார் ஞானராஜின் அப்பா கிடக்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் கால் வைத்து நடக்க இடம் விட்டிருந்தது. அந்த இடத்தை இப்போது காணோம். ஞானப்பூவின் மேடு நீண்டு போய் அவர் மேட்டின் ஓரத்தை இடித்துத் தள்ளி, சிலுவையைச் சாய்த்திருந்தது. ஞானராஜ் நேராக ஆசாரி வீட்டுக்கு வந்தார்.

“ஆசாரி, ஒம்ம மக எங்கய்யா மேல காலத் தூக்கிப் போட்டுருக்கா. சாகும்போதே அவுகளுக்கு இடுப்பு வலி.”

சுவாமிதாஸ் பதில் சொல்வதற்குள் சூசையம்மாள் உள்ளேயிருந்து வந்தாள்.

“காலத் தூக்கிப் போடல உபதேசியாரே. பொட்டி பத்தல. ஏழு வயசுப் பொட்டியில பதினாலு வயசுப் பிள்ள கெடக்கு. முட்ட மடக்கிக் கெடந்தவ, நீட்டப் பாக்குறா.”

மாதத்துக்கு ஒரு தடவை வருகிற சாமியார் வந்து பார்த்தார். கைத்தடியால் மேட்டை அளந்தார். செத்தவர்கள் வளர்வதைப் பற்றிக் கோவில் சட்டத்தில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்றும், அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் தகப்பன் ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

பெட்டி பத்தவில்லை என்ற சொல் சுவாமிதாஸை அடித்துப்போட்டது. மகள் வெயிலில் நடக்கிறாள் என்றபோது தாங்கிக்கொண்ட மனுசரால் இதைத் தாங்க முடியவில்லை. ஆசாரி செய்த சாமானுக்குள் ஆள் அடங்கவில்லை. இரண்டு நாள் உளியைத் தொடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, பெரிய பெட்டியாக ஒன்று செய்து மாற்றிவிடலாம் என்றார்.

“எத்தன பொட்டி செய்வீக?” என்றாள் சூசையம்மாள். “வயசுப் பிள்ளையப் பொட்டியில போட்டு மூடுவாகளா யாராச்சும்? ஒரு வாசல் வச்சுக் குடுங்க அவளுக்கு. வரட்டும், போகட்டும், அவ இஷ்டம். வாசல் இருந்துட்டா, ஏருக்குப் பின்னாடி ஏன் போறா? அன்னிக்கே குச்சிய முறிச்சிரணும். அதுக்குச் சம்மதம்னா உளியத் தொடுங்க.”

ஆசாரியின் சொந்த வீட்டுக்குக் கதவு கிடையாது. பனையோலைத் தட்டிதான். என்றைக்காவது சொந்தமாக வாசல்நிலை வைக்க வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாக ஒரு வாகைக் கட்டையைப் பட்டறைச் சுவரோரம் போட்டு வைத்திருந்தார். ஞானப்பூவின் பெட்டியும் குச்சியும்கூட அதன் கொப்பில் எடுத்ததுதான். அந்தக் கட்டையை இழுத்துப் போட்டார்.

முதல் நிலைக்குக் குச்சியை வைத்து அளந்தார். இழைத்து, துளைபோட்டு, சட்டம் பூட்டி முடிக்க மூன்று மாசம். முடித்துவிட்டுக் குச்சியை உள்ளே நிறுத்தினால் மேல்சட்டத்தில் தட்டியது. இவர் இழைத்துக்கொண்டிருந்த மூன்று மாசமும் அது வளர்ந்திருந்தது. இன்றைய அளவுக்கு வைத்த வாசல் நாளைக்குத் தலையில் இடிக்கும். இனி எவ்வளவு வளர்வாள் என்று குச்சிக்குத் தெரியாது. அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, இரண்டாவது நிலையை சூசையம்மாளை நிற்கவைத்து அளந்து செய்தார். அவள் அதற்குள் ஒரு தடவை நுழைந்து வெளியே வந்தாள். இது எனக்குச் செய்த வாசல் என்று சொல்லிவிட்டுச் சோளம் புடைக்கப் போனாள்.

புரட்டாசி பிறந்துவிட்டது. மிச்சம் இருந்த மரம் ஒரு நிலைக்கும் ஒரு கதவுக்கும்தான் காணும். தவறினால் வேறு கட்டை இல்லை. சுவாமிதாஸ் குச்சியைக் கூரைக்கடியில் செருகி, அதன்மேல் சாக்கைப் போட்டு மூடினார். முப்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கையில் ஒரு அளவும் இல்லாமல் மரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஏழு வயசுப் பிள்ளைதான் வந்தது. அதை அனுப்பிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார். மத்தியானம்போல, கண்மாயிலிருந்து இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் வந்தாள். முகம் தெரியவில்லை. குடத்தின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். இடது காலைக் கொஞ்சம் பையப் பைய வைத்தாள். தட்டியை ஒதுக்கி உள்ளே வரும்போது தலையைக் குனிந்தாள். எவ்வளவு குனிந்தாள் என்பதை அவர் பார்த்தார். கண்ணைத் திறந்து, கரித்துண்டால் மரத்தில் ஒரே கோடு போட்டார். அறுத்தார். கழுத்து எங்கே இருக்கிறது என்று அந்தத் தடவை அவர் பார்க்கவில்லை.

கதவின் வெளிப்பக்கம் வெறும் பலகை. ஒரு பூவேலைகூட இல்லை. உள்பக்கம், குழியைப் பார்த்து நிற்கிற பக்கம், ஒரு விரல் வைக்க இடமில்லாமல் செதுக்கினார். பனங்குருத்து, குருவி, அவள் ஆடி மிச்சம் வைத்த ஐந்து தட்டாங்கல், கம்பங்கதிர், முள் குத்திய ஒரு கால், அந்தக் காலை மடியில் வைத்து ஊசியால் முள் எடுக்கிற ஒரு பெண்பிள்ளை. கீழ் மூலையில் ஒரு கிளி. தாழ்ப்பாளையும் உள்பக்கம்தான் வைத்தார்.

1949 கல்லறைத் திருநாள் காலையில் அந்த நிலையை மொக்கையன் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் ஞானப்பூவின் தலைமாட்டில் நட்டார்கள். சுவர் இல்லை, கூரை இல்லை. பொட்டலில் ஒரு வாசல் நின்றது. ஜெபம் முடிந்ததும் சுவாமிதாஸ் சாக்கைப் பிரித்துக் குச்சியை எடுத்து நிலைக்குள்ளே நிறுத்தினார். மூன்றரை முழம். உச்சிக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தார். மூன்று விரல்கடை இருந்தது. தெருவார் அதைப் பார்த்து, இன்னும் ஒரு வருஷத்து வளர்த்திக்கு இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் குச்சியை முழங்காலில் வைத்து முறித்தார். ஒரு முறி வந்தது. இரண்டாவது முறி வரவில்லை. சூசையம்மாள் வந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக முறித்தார்கள். மூன்று துண்டையும் வாசற்படிக்குக் கீழே போட்டு மண்ணைத் தள்ளினார்கள். எல்லோரும் கலைந்து போகிறபோது பின்னால் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புதுக் குடித்தனம் போன வீட்டை உடனே எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சுவாமிதாஸ் பட்டறையில் உட்கார்ந்து மொக்கையன் கேட்டிருந்த புது மேழிக்கட்டையை எடுத்தார். அளக்கக் குச்சி இல்லை. கண்ணால் பார்த்துக் கோடு போட்டார். போட்டுவிட்டுப் பார்த்தால், தேவைக்கு மேலே மூன்று விரல்கடை விட்டிருந்தார். கை தானாக விட்டிருந்தது. அவர் அந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு உளியை எடுத்தார். அதற்குப் பிறகு அவர் செய்த எதிலும் அந்த மிச்சம் இருந்தது. இரண்டு சாமான் ஒன்றுபோல இல்லை. முழக்கோல் அவர் வாங்கவே இல்லை.

மொக்கையன் புஞ்சையில் தடம் நின்றுபோனது. பின்னால் ஆள் இல்லாமல் உழவு நீளமாக இருக்கிறது என்று அவர் கொஞ்ச நாள் குறைப்பட்டார். ஞானராஜின் அப்பா மேடு ஒரே மாரியில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது; சிலுவையை நிமிர்த்தி வைத்தார்கள். பொட்டலில் நிற்கிற கதவு சில நாள் திறந்திருக்கும், சில நாள் சாத்தியிருக்கும். திருச்சுழிக்குப் பஸ் பிடிக்கப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். சாத்தியிருந்தால் வீட்டில் இருக்கிறாள் என்றும், திறந்திருந்தால் எங்கேயோ வெளியே போயிருக்கிறாள் என்றும் சொல்லிக்கொண்டு போவார்கள். மழை வருகிற மாதிரி இருந்தால் யாராவது கதவை ஒருக்களித்துவிட்டுப் போவார்கள்.

சனிக்கிழமைதோறும் சூசையம்மாள் சீயக்காயும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு அங்கே போவாள். நிலையின் வலது சட்டத்தில், ஒரு வயசுப்பெண் சாய்ந்து நின்று பாதையைப் பார்த்தால் தலை படுகிற உயரத்தில், விளக்கெண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். குத்தவைத்துத் தேய்க்க முடியாத உயரம். நின்றுகொண்டே தேய்க்க வேண்டும்.

“நிலையில சாயாத சாயாதன்னா கேக்குறாளா” என்று போகிறவர்களிடம் சொல்லுவாள். “எம்புட்டுப் பாடுபட்டு இழைச்ச மரம்.”

அவர்களும், வயசுப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு நடப்பார்கள். மறு சனிக்கிழமையும் பிசுக்கு இருக்கும்.